பழைய கார் பெயின்ட் ஏன் வெளுத்துப்போகிறது? 'டூக்கோ' வரக் காரணமான சார்லஸ் கெட்டரிங்கின் கதை

கட்டுமாவடி மாதிரி கடலை ஒட்டிய ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள் நன்றாகவே தெரிந்திருக்கும். ஒன்று, பேனட்டை விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும் தூள். இன்னொன்று, எத்தனை முறை கழுவினாலும் போகாத வட்ட வட்டமான தண்ணீர்க் கறை. பகலெல்லாம் வெயில், ராத்திரி பனி, எந்நேரமும் பாக் நீரிணையிலிருந்து வரும் உப்புக்காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் திறந்தவெளியில் நிற்கும் காரின் நிறம் சீக்கிரமே மங்கிவிடும்.

பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் சொல்லப்படும் வழி ஒன்றுதான். பழையதைச் சுரண்டிவிட்டுப் புதுசா 'டூக்கோ' அடிப்பது. ஆனால், அந்தத் தூளுக்கு அடியில் பழைய நிறம் பல நேரங்களில் நன்றாகவே இருக்கும். அதைப் பார்க்காமல் சுரண்டிவிட்டால், கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பெயின்ட் போனது போனதுதான். திரும்பக் கிடைக்காது.

சரி, டூக்கோ என்றால் என்ன? நம்ம ஊரில் கார் பட்டறை முதல் மரச்சாமான் கடை வரை, ஸ்பிரே அடிக்கும் பெயின்ட்டுக்கே அது பொதுப்பெயர் ஆகிவிட்டது. உண்மையில் அது 100 ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் அமெரிக்க பிராண்டின் பெயர். அந்தப் பெயின்ட் காருக்கு வர முக்கியக் காரணமாக இருந்தவர் சார்லஸ் கெட்டரிங். பட்டனை அழுத்தி காரை ஸ்டார்ட் செய்ய வைத்தவரும் இவர்தான். பெட்ரோலில் ஈயம் கலக்கக் காரணமாக இருந்தவரும் இவர்தான். பழைய பெயின்ட்டின் குணம் புரிய வேண்டுமென்றால் இவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த கெட்டரிங்?

அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் லவுடன்வில் என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876 ஆகஸ்ட் 29 அன்று பிறந்தவர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். சின்ன வயதிலிருந்தே கண்பார்வைக் கோளாறு. கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளிப்படிப்பை முடித்து, கிராமப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார்.

அங்கும் கண் கைவிட்டது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, டெலிபோன் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலைதான் அவருக்கு மின்சாரத்தின் மீது ஆர்வத்தை உண்டாக்கியது. கண் கொஞ்சம் தேறியதும் மறுபடி கல்லூரிக்குப் போய், 1904இல் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27. கூடப் படித்தவர்களைவிட மூத்தவர்.

உடனே டேட்டன் நகரில் உள்ள நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைகளில் கல்லாப்பெட்டியாக இருக்கும் கேஷ் ரிஜிஸ்டரை அதுவரை கையால் சுற்றித்தான் இயக்கினார்கள். அதற்கு ஒரு சின்ன மின் மோட்டாரைப் பொருத்துவது அவருடைய வேலை. அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. ஒரே ஒரு கணம் பலமாகச் சுற்றினால் போதும். இந்தச் சின்ன விஷயம் பிற்பாடு கார் உலகத்தையே மாற்றியது.

கை ஒடிக்கும் இரும்புக் கம்பிக்கு விடை

அந்தக் கால கார்களை ஸ்டார்ட் செய்ய முன்பக்கம் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். நம்ம ஊர் பழைய லாரிகளில் 'ஹேண்டில் போடுவது' என்பார்களே, அதேதான். இன்ஜின் சட்டென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் கம்பி திரும்பி கையை ஒடிக்கும். சிலர் உயிரையே விட்டிருக்கிறார்கள். கேடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்டுக்கு இது பெரிய கவலையாக இருந்தது.

1909இல் கெட்டரிங், கேஷ் ரிஜிஸ்டர் வேலையை விட்டுவிட்டு, எட்வர்ட் டீட்ஸ் என்பவருடன் சேர்ந்து டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம். மோட்டாரால் இன்ஜினைச் சுழற்ற வேண்டுமென்றால், அந்த மோட்டாரே இன்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அப்போது பலர் நம்பினார்கள். கெட்டரிங் கேஷ் ரிஜிஸ்டரை நினைத்துப் பார்த்தார். இன்ஜின் பற்றிக்கொள்ளும் வரை சில நொடிகள் சுற்றினால் போதுமே! சின்ன மோட்டாருக்கு ஒரு கணம் அதிக மின்சாரம் கொடுத்தால் வேலை முடிந்தது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே கருவி ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்யும், விளக்கும் எரியும். 1912 மாடல் கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கம்பி சுற்றும் பலம் இல்லாதவர்களும், குறிப்பாகப் பெண்கள், தனியாக கார் ஓட்ட இது வழி திறந்தது.

1916இல் டெல்கோ விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது ஜி.எம்., வசம் வந்தது. 1920இல் ஜி.எம்.மின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு கெட்டரிங் தலைவரானார். அடுத்த 27 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

பெயின்ட் காய ஒரு மாதமா?

1920களின் தொடக்கத்தில் கார் உற்பத்தி வேகமெடுத்துவிட்டது. இன்ஜினும் பாடியும் மளமளவென்று தயாராகின. ஆனால், பெயின்ட் மட்டும் குதிரை வண்டி காலத்திலேயே நின்றது.

எண்ணெயும் வார்னிஷும் கலந்த பெயின்ட்டைப் பிரஷ்ஷால் பூச வேண்டும். காய விட வேண்டும். தேய்க்க வேண்டும். மறுபடி பூச வேண்டும். இப்படி ஒரு காருக்குச் சில வாரங்கள் ஆகும். விலை உயர்ந்த காருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். ஒரு தொழிற்சாலை தினமும் 1,000 கார் செய்கிறது, பெயின்ட் காய 3 வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் 21,000 கார்கள் கூரைக்குக் கீழே சும்மா நிற்க வேண்டும். அதுவும் தூசி படாமல்!

ஹென்றி ஃபோர்டு இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். சீக்கிரம் காயும் கறுப்பு எனாமலைச் சூளையில் சுட்டுவிடுவது. அதனால்தான் 1914 முதல் 1925 வரை ஃபோர்டு மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. ஆனால், ஜி.எம். தலைவர் ஆல்ஃபிரெட் ஸ்லோன் வாடிக்கையாளருக்குப் பல நிறங்களைக் காட்டி ஃபோர்டை முந்த நினைத்தார். அதற்குச் சீக்கிரம் காயும் வண்ணப் பெயின்ட் வேண்டும்.

கெட்டரிங், பெயின்ட் தயாரிப்பவர்களையும் பெயின்டர்களையும் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் சில நாட்களைக் குறைக்கலாம் என்று நினைத்தார்கள். அவர் கேட்டதோ ஒரு மணி நேரம். நடக்காத காரியம் என்று சொல்லிவிட்டார்கள்.

டூக்கோ எப்படி வந்தது?

இந்த இடத்தில் கெட்டரிங்கைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால், பளபளவென்று மெருகேற்றிய ஒரு சின்ன மரத்தட்டைப் பார்த்தாராம். அதை வாங்கி, யார் செய்தது என்று தேடிக்கொண்டே போனார். நியூஜெர்சியில் ஒருவர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அதைச் செய்துகொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய லேக்கர், டூபான்ட் கம்பெனியுடையது. ஆனால், அதில் ஒரு சிக்கல். அது அளவுக்கு மீறி வேகமாகக் காய்ந்தது. ஸ்பிரேயரிலிருந்து கார் கதவுக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும்.

டூபான்ட்டுக்கும் ஒரு தேவை இருந்தது. முதல் உலகப்போரில் வெடிமருந்துக்காக நைட்ரோசெல்லுலோஸ் தயாரித்த பெரும் தொழிற்சாலைகள் அதனிடம் இருந்தன. போர் முடிந்துவிட்டது, அந்தச் சரக்குக்கு வேறு வேலை தேட வேண்டும். ஜி.எம்.மில் டூபான்ட்டுக்குப் பெரும் பங்கும் இருந்தது.

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கெட்டியாகப் பூசினால் ஸ்பிரே செய்ய முடியாது; தண்ணியாக்கினால் பூச்சு நிற்காது. 1920இல் டூபான்ட் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கெட்டித்தன்மை குறைவு, ஆனால் நிறமும் சத்தும் அதிகம் உள்ள லேக்கர் கிடைத்தது. அதை காருக்கு ஏற்ற மாதிரி மாற்றும் வேலையில் டூபான்ட்டும் கெட்டரிங்கின் குழுவும் சேர்ந்து சில ஆண்டுகள் உழைத்தன. 1923இல், 1924 மாடல் ஓக்லேண்ட் கார்கள் நீல நிற டூக்கோவுடன் வெளிவந்தன. ஓரிரு ஆண்டுகளில் ஜி.எம்.மின் மற்ற கார்களும் இதற்கு மாறின. வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. வண்ண வண்ண கார்கள் சாதாரண விலையில் தெருவுக்கு வந்தன.

இன்னொரு கதையும் உண்டு. டூக்கோவை நம்பாத ஒரு பெயின்ட் நிபுணரை கெட்டரிங் சாப்பிட அழைத்துப் போனாராம். இருவரும் திரும்பி வரும்போது அந்த நிபுணரின் காரைக் காணோம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய சொந்த காரைத்தான். சாப்பிட்டு வருவதற்குள் அதன் நிறம் மாறியிருந்தது!

வேகத்துக்கு என்ன விலை?

இங்கேதான் நம்முடைய வெளுத்துப்போன பேனட் கதைக்குள் வருகிறது.

பழைய எண்ணெய்ப் பெயின்ட் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாக இறுகும். டூக்கோ அப்படி அல்ல. அதில் உள்ள தின்னர் ஆவியாகிப் போனதும் மிச்சம் அப்படியே படலமாக நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் அத்தனை வேகம். அதனாலேயே மூன்று பலவீனங்களும் சேர்ந்து வந்தன.

முதலாவது, எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் அது மறுபடி கரையும். இரண்டாவது, சூடு பட்டால் இளகும். மூன்றாவது, ஸ்பிரே செய்ததும் தானாகப் பளபளக்காது. தேய்த்துத் தேய்த்துத்தான் மெருகு வர வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் படலம் மெலிந்துகொண்டே போகும்.

இதன் மேல் வெயில் வந்து விழுகிறது. சூரியனின் புறஊதாக் கதிர், நிறத்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசையை மெல்ல உடைக்கிறது. பிடி விட்டதும் நிறத்துகள் தூளாகி மேலே வந்து நிற்கிறது. விரலில் ஒட்டும் சுண்ணாம்பு இதுதான். ஆக்சிடேஷன் என்று பட்டறையில் சொல்வதும் இதையேதான். லேக்கருக்கு மட்டுமல்ல, பிற்காலத்தில் வந்த எனாமல் பெயின்ட்டுக்கும் இதே கதி. மேலே தனியாக கிளியர் கோட் பூசும் வழக்கம் பரவுவதற்கு முந்தைய கார்களில் நிறம் நேரடியாக வெயிலைச் சந்தித்தது.

தண்ணீர்க் கறை வேறு சங்கதி. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். கடலோரமாக இருந்தால் காற்றில் வரும் உப்பும் சேரும். துளி காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு வட்டமாக நிற்கும். அப்போதே துடைத்தால் பிரச்சினை இல்லை. அதை வெயிலில் சுடவிட்டால், மறுநாள் பனியில் நனைந்து மறுபடி சுட்டால், அந்த உப்பு பெயின்ட்டை அரித்துச் சின்னப் பள்ளமாக்கிவிடும். மேலே படிந்த கறையைக் கரைக்கலாம். பள்ளத்தைக் கரைக்க முடியாது.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

ஜி.எம். 1928இல் மும்பையின் சிவ்ரி பகுதியில் தொழிற்சாலை திறந்தது. செவர்லே கார்களும் லாரிகளும் அங்கே பூட்டப்பட்டு நாடு முழுவதும் போயின. 1954 வரை அது இயங்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் மோட்டார்ஸ், தெற்கில் ஜி.எம். வாகனங்களின் பெரிய விநியோகஸ்தராக இருந்தது. பிறகு அம்பாஸடரும் பத்மினியும் சாலையை நிறைத்தன. அவற்றை மறுபடி பெயின்ட் அடித்த டிங்கரிங் பட்டறைகளில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் புழங்கியது. கூடவே டூக்கோ என்ற பெயரும் பிராண்டைத் தாண்டிப் பரவி நிலைத்துவிட்டது.

தோல்வியும் ஈயமும்

கெட்டரிங்குக்கு எல்லாம் வெற்றிதான் என்று நினைக்க வேண்டாம். டூக்கோ வந்த அதே 1923இல் அவர் பெரிய அடி வாங்கினார். தண்ணீர் இல்லாமல், செப்புத் தகடுகள் வழியாகக் காற்றாலேயே குளிரும் இன்ஜினை அவர் ஆசையாக உருவாக்கியிருந்தார். அதை வைத்து வந்த செவர்லே கார்கள் சூடேறி மக்கர் செய்தன. விற்ற கார்களை ஜி.எம். திரும்பப் பெற்றது. மனம் வெறுத்துப்போன கெட்டரிங் நிறுவனத்தை விட்டே போகத் தயாரானார். ஸ்லோன்தான் பேசி நிறுத்தினார்.

அதைவிடப் பெரிய பாதிப்பை உண்டாக்கியது, வெற்றி என்று கொண்டாடப்பட்ட இன்னொரு வேலை. இன்ஜினில் டக்டக்கென்று வரும் 'நாக்கிங்' சத்தத்தை நிறுத்த கெட்டரிங்கின் குழு வழி தேடியது. 1921 டிசம்பரில் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் சத்தம் நிற்கிறது என்று கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. அதை விற்க 1924இல் தொடங்கிய எத்தில் நிறுவனத்துக்குத் தலைவர் கெட்டரிங்.

ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கும் தெரிந்த விஷயம்தான். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் மனம் பேதலித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 5 பேர் இறந்தார்கள். பொதுச் சுகாதார நிபுணர்கள் எச்சரித்தார்கள். விற்பனை சில காலம் நின்றது. 1926இல் மறுபடி தொடங்கியது. அதன் பிறகு உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் குழந்தைகள் ஈயப் புகையைச் சுவாசித்தார்கள். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல்தான் முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

ஃபிரிட்ஜுக்கான ஃபிரியான் வாயுவும் இதே கூட்டணியின் வேலை. அப்போது புழங்கிய வாயுக்கள் கசிந்தால் ஆபத்து. அதற்கு மாற்றாக வந்த ஃபிரியான் எரியாது, நஞ்சும் இல்லை. ஆனால், அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. 1987இல் அதைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது.

கெட்டரிங்கின் பெயரில் 180க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன. 1930களில் ரயில்களுக்கு நீராவிக்குப் பதில் டீசல் இன்ஜின் வருவதிலும் அவர் பங்கு பெரியது. கண்ணெதிரே இருக்கும் சிக்கலை வேகமாகத் தீர்ப்பதில் அவருக்கு இணை இல்லை. அந்தத் தீர்வு 50 ஆண்டு கழித்து என்ன செய்யும் என்ற கேள்விதான் அவர் வேலையில் பலமுறை விடுபட்டது.

கடைசி ஆண்டுகள்

1945இல் நியூயார்க்கில் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர் ஸ்லோன். ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்று வழிகாட்ட ஒப்புக்கொண்டவர் கெட்டரிங். அடுத்த ஆண்டே அவருடைய மனைவி ஆலிவ் புற்றுநோயால் இறந்தார். 1947இல் கெட்டரிங் ஜி.எம். ஆராய்ச்சிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். புல் ஏன் பச்சையாக இருக்கிறது, இலை எப்படி வெயிலைப் பிடித்து உணவாக்குகிறது என்ற ஆய்வுக்கும் பல ஆண்டுகள் பணம் செலவிட்டார். 1958 நவம்பர் 25 அன்று டேட்டனில், 82 வயதில் காலமானார். டேட்டனை ஒட்டிய ஒரு நகரத்துக்கு இன்று கெட்டரிங் என்றே பெயர்.

இன்றைக்கு அந்தப் பெயின்ட்டை மீட்பது எப்படி?

வெளுத்த பெயின்ட்டை மீட்பது என்றால் புதிதாக எதையோ பூசுவது இல்லை. செத்துப்போன மேல்தூளை எடுத்துவிட்டு அடியில் உள்ள நல்ல படலத்தை வெளியே கொண்டுவருவது. அந்தப் படலம் அளவோடு இருப்பதால், எடுக்கும் ஒவ்வொரு மைக்ரானும் கணக்குதான். இன்றைய கார்களிலேயே எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவே. பலமுறை பாலிஷ் கண்ட பழைய காரில் அதுவும் மிஞ்சியிருக்காது.

முதலில் என்ன பெயின்ட் என்று பாருங்கள். மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால், துணியில் கார் நிறம் ஒட்டுகிறதா? அப்படியானால் அது கிளியர் கோட் இல்லாத பழைய முறை பெயின்ட். நிறம் ஒட்டவில்லை என்றால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. அது தோலாக உரிந்துகொண்டிருந்தால் பாலிஷால் பயன் இல்லை. அதேபோல பெயின்ட்டில் வலைபோல நுண்விரிசல் விழுந்திருந்தால், அடியில் துரு கொப்பளித்திருந்தால், அங்கெல்லாம் மறுபெயின்ட்தான் வழி.

பாலிஷ் தாங்கும் என்று தெரிந்தால், வேலையை இந்த வரிசையில் செய்யலாம்.

1. நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் உப்பும் மணலும் போகக் கழுவ வேண்டும். மணலோடு துடைத்தால் கீறல் விழும். கார் ஷாம்பு போதும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம்.

2. தண்ணீர்க் கறைக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, நனைத்த துணியை ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து உடனே கழுவ வேண்டும். மேலே படிந்த உப்பு என்றால் இதிலேயே போய்விடும். போகாத வட்டம் என்றால் அது பள்ளம்.

3. அதன் பிறகும் கை வைத்தால் சொரசொரவென்று இருந்தால், கிளே பார் என்ற பிசின்கட்டியை வழுக்கும் திரவத்தோடு மெதுவாக உருட்டலாம். ஒட்டிய அழுக்கு வந்துவிடும்.

4. காய்ந்து வறண்ட பழைய பெயின்ட்டில், தேய்ப்பதற்கு முன் எண்ணெய்ப்பசை உள்ள மெருகுத் தைலத்தைத் தாராளமாகத் தடவி ஒரு நாள் ஊறவிட்டுத் துடைப்பது நல்லது. பழைய கார் பிரியர்கள் பல காலமாகச் செய்துவரும் வழி இது. வறட்சி குறைந்தால் தேய்க்க வேண்டிய அளவும் குறையும்.

5. ஒரு சாண் இடத்தை மட்டும் முதலில் செய்து பார்க்க வேண்டும். மென்மையான பாலிஷில் தொடங்கி, அது போதாவிட்டால் மட்டுமே காம்பவுண்டுக்குப் போக வேண்டும். நேராக முரட்டு ரப்பிங் காம்பவுண்டில் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. துணியில் நிறம் ஏற ஏற அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

6. மெஷின் என்றால் குறைந்த வேகம் போதும். லேக்கர் சூட்டில் இளகும் என்பது நினைவிருக்கட்டும். பேனட் விளிம்பு, கதவு மடிப்பு போன்ற மேடுகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் கையால் மட்டும் தேய்க்க வேண்டும்.

7. முடிந்ததும் வாக்ஸ் பூசாமல் விடக்கூடாது. தூளை எடுத்ததால் வெளியே வந்த புதுப்படலம் மறுபடி வெயிலைச் சந்திக்கப்போகிறது. கடலோரத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை வாக்ஸைப் புதுப்பிப்பது நல்லது. கூரையோ கவரோ இருந்தால் இன்னும் நல்லது. கவருக்கு அடியில் மணல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைத்தால் கார் உடனே பளபளக்கும். தூளை நனைத்துக் காட்டும் மாயம் அது. ரெண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். கூடவே தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை முக்கியம். பழைய மஞ்சள், சிவப்பு நிறங்களிலும் துருத் தடுப்பு அடிப்பூச்சிலும் ஈயச் சேர்மங்கள் பரவலாகப் பயன்பட்டன. அதனால் பழைய பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, தூசியைத் தடுக்கும் நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். துடைத்த துணியைக் குழந்தைகள் தொடும் இடத்தில் போடக்கூடாது. தேய்த்த தண்ணீரை வீட்டு வாசலிலோ கிணற்றடியிலோ ஓடவிடக் கூடாது.

எங்கே நிறுத்துவது?

தண்ணீர்க் கறையின் பள்ளம் முழுவதும் மறையும் வரை தேய்க்க நினைத்தால், பள்ளத்தின் ஆழத்துக்கு மொத்த பெயின்ட்டையும் கீழே இறக்க வேண்டும். பாதி மறைந்ததும் நிறுத்தினால் கார் 90களில் இருந்த மாதிரி இருக்காது. ஆனால் பெயின்ட் இன்னும் சில பாலிஷ் தாங்கும். அடிப்பூச்சின் நிறம் லேசாகத் தெரிய ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் பட்டறையில்தான் வேலை. ஆகவே நிறம் திரும்பி, தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடத் தொடங்கியதும் பாலிஷ் டப்பாவை மூடிவிடலாம். மிச்சம் இருக்கும் மங்கல் வட்டங்களை அப்படியே விட்டுவிடுவதுதான் அந்த காருக்கு நல்லது.